உள்தாழ்ப்பாள்

செங்காட்டுப்பாளையத்தில் ஒரு ஆளுக்கு நிழல் இல்லாமல் போன கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆளாளுக்கு ஒரு பக்கம் கூட்டியும் ஒரு பக்கம் குறைத்தும் சொல்வார்கள், அதனால் அதைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பட்டன் கடைக்கும் சின்ராசுவின் டீக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த வசந்தாமணியின் கடையில்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் நிழல் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

வசந்தாமணிக்குத் தொழில், செத்துப்போன ஹார்ட் டிஸ்கைப் பிழைக்க வைப்பது. கல்யாண ஆல்பம், கம்பெனி டிசைன், துபாய்க்குப் போன மகன் கடைசியாகப் பேசிய வீடியோ என்று ஊர் தொலைத்ததெல்லாம் அவள் மேஜைக்கு வந்து சேரும், கொண்டுவருகிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற முகத்தோடு நிற்பார்கள், அவள் ஏறெடுத்தும் பார்க்காமல் டிஸ்கைக் கையில் வாங்கிக்கொண்டு, "கடைசியா என்ன சத்தமுங்க கேட்டுச்சு?" என்பாள். சுற்றுகிற சத்தமே இல்லையென்றால் போர்டில் கோளாறு. டக்டக்கென்று தட்டுகிற சத்தமென்றால் உள்ளே படிக்கிற ஊசி வழி தெரியாமல் தவிக்கிறது. கிறீச்சென்று சுரண்டுகிற சத்தமென்றால் கும்பிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். புகை வந்தது என்று யாராவது அழுதால் மட்டும் அவளுக்கு எரிச்சலாக வரும். "பொகை வந்தா செத்துப்போச்சுன்னு எந்த மடையன் சொன்னான்? அடியில இருக்கற பச்சை போர்டு வெறும் வாயிங்க. வாயி வெந்துபோனா வயித்துல இருக்கறது எங்க போயிரும்? வேற வாயி வெச்சா அதுபாட்டுக்குப் பேசும்," என்று அதட்டுவாள். ஊருக்கே அவள் பேச்சுக்குப் பயம், ஆனால் டிஸ்க் போனால் அவளிடம்தான் ஓடி வருவார்கள்.

அவளுக்கென்று இருந்தது ஒரே தங்கச்சி, மரகதம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் வசந்தாமணிதான் அவளுக்குத் தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, தினமும் சண்டை போட்டு வளர்த்தாள். மரகதம் வேலை பார்த்தது நாச்சிமுத்துவின் வேஸ்ட் குடோனில். பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துண்டுத் துணியை மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள், பெண்கள் நடுவில் உட்கார்ந்து வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்துப் போட வேண்டும். போன சித்திரையில் ஒரு மத்தியானம் அந்தக் குடோன் பற்றிக்கொண்டது, துணி மலையாச்சே, கேட்க வேண்டுமா, உள்ளே இருந்த ஏழு பெண்களில் ஒருத்திகூட மிஞ்சவில்லை. மரகதமும் மிஞ்சவில்லை.

அதோடு விட்டானா? போலீசிடமும் பேப்பர்காரர்களிடமும் நாச்சிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னான். "உள்தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் படுத்துத் தூங்கிட்டாளுங்க சாமி, நான் வெளியில நின்னு கதவை இடிச்சு இடிச்சுப் பார்த்தேன்." கேமரா இருந்ததே என்றார்கள். "அது கெட்டுப்போயி மாசக்கணக்காச்சுங்க," என்றான். உள்தாழ்ப்பாள் என்று போலீஸ் எழுதியது, உள்தாழ்ப்பாள் என்று பேப்பர் எழுதியது, கடைசியில் எழவுக்கு வந்தவர்களே "வேலை நேரத்துல எதுக்குத் தாழ் போட்டுக்கிட்டாளுக?" என்று காதைக் கடித்துவிட்டுப் போனார்கள். செத்தவள் திரும்ப மாட்டாள், அது வசந்தாமணிக்குத் தெரியும். செத்தவள் தலையில் பழியைப் போட்டுவிட்டு அவன் சலவை வேட்டியோடு கோயில் கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அந்தத் தாழ்ப்பாளை அவனுக்கே போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பழைய இரும்புக் கடை காதர் பாய்க்கும் அவளுக்கும் வெகுகாலப் பழக்கம். ஒரு டிஸ்கின் போர்டு வெந்துபோனால் அதே மாடலில் இன்னொரு டிஸ்கின் நல்ல போர்டைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும், அதனால் பாய் கடைக்கு வருகிற பழைய டிஸ்கெல்லாம் சாக்கோடு அவளிடம் வந்துவிடும். ஆவணி மாதம் ஒரு நாள் அவர் கொட்டிய சாக்கிலிருந்து மயில் படம் போட்ட லேபிளோடு ஒரு டிஸ்க் உருண்டது. கேமரா மாட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, எந்த இடத்து டிஸ்க் என்று மறக்காமலிருக்க மார்க்கர் பேனாவால் மேலேயே கிறுக்கிவிடுவார்கள். இதன் மேல் 'நா.மு. குடோன்' என்று கிறுக்கியிருந்தது.

"பாய், இது எங்கிருந்து வந்துச்சு?"

"நாச்சிமுத்து ஆபீசை ஒழிச்சுப் போட்டாங்கல்ல, அந்தக் குப்பையில வந்துச்சும்மா. ஏன், ஆகாதா?"

"ஆகும் பாய். ரொம்ப நல்லா ஆகும்," என்றாள் வசந்தாமணி. பாய் சாக்கை உதறிக்கொண்டு கிளம்பினார்.

திருகாணிகளைக் கழற்றிப் போர்டைத் திருப்பியதும் கருகல் வாடை மூக்கில் ஏறியது. குடோன் தீயில் வெந்ததில்லை அது. டிஸ்க் இருந்தது ஆபீஸ் ரூமில், தீ அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மல்டிமீட்டர் முனையை வைத்தாள், கரண்ட் எகிறினால் தன்னைப் பலி கொடுக்கிற டயோடு செத்துவிட்டதென்று மீட்டர் பீய்ங் என்று கத்தியது, பக்கத்தில் மோட்டாரை ஓட்டுகிற பெரிய சில்லு நடுவில் பொத்துப்போயிருந்தது. வேண்டுமென்றே தப்பான அடாப்டரைச் சொருகியிருக்கிறார்கள், புகை வந்திருக்கிறது, ஒழிந்தது சனியன் என்று குப்பையில் வீசியிருக்கிறார்கள். வாயைச் சுட்டுவிட்டு வயிற்றை அப்படியே விட்டுவிட்டார்கள், மடையர்கள்.

இனி நல்ல போர்டு ஒன்று வேண்டும். மயில் லேபிள் மாடல் கடைக்கு வருவது நின்று வருசக்கணக்காகிவிட்டது. சாக்குச் சாக்காகத் துழாவினாள், கோயமுத்தூர்க் கடைகளுக்குப் போன் போட்டாள், "தேடிப் பார்த்துட்டு அடுத்த வாரம் சொல்றோம்க்கா," என்றார்கள். அடுத்த வாரம் வரை யார் பொறுப்பது? அவள் கைக்கெட்டும் தூரத்தில் அந்த மாடலில் ஓடுகிற நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று, அது அவளுடைய சொந்த டிஸ்க். அதில்தான் மரகதம் இருந்தாள், காதுகுத்தில் மூக்கொழுக அழுதது முதல், முதல் சம்பளத்தில் எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, "ஏக்கா, மொதல்ல அந்தப் போனைக் கீழ வை," என்று சிரித்தது வரைக்கும். ஊருக்கெல்லாம் ரெண்டு காப்பி வெச்சுக்கங்க என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் தனக்கென்று வைத்திருந்தது அந்த ஒரு காப்பியைத்தான். முதலில் இதை வேறொன்றில் ஏற்றிவிட்டுப் போர்டைக் கழற்று என்று புத்தி சொல்லத்தான் செய்தது. ஒரு மணி நேரத்தில் திருப்பி மாட்டிவிடப் போகிறோம், அதற்குள் என்ன வந்துவிடும் என்று ஆத்திரம் அதன் வாயை அடைத்தது.

போர்டைக் கழற்றினாள். ஒவ்வொரு போர்டிலும் அந்தந்த டிஸ்கின் குணத்தை எழுதிவைத்த எட்டுக் கால் சில்லு ஒன்று உண்டு, அதை மாற்றாவிட்டால் டிஸ்க் முகம் கொடுக்காது. கருகிய போர்டிலிருந்து அதைச் சூடு காட்டி எடுத்துத் தன் போர்டில் ஈயத்தால் பற்றவைத்தாள், தன்னுடைய சில்லை ஒரு தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தினாள், போர்டு தொடுகிற கறுத்த புள்ளிகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தாள், போர்டை நா.மு. குடோன் டிஸ்கில் மாட்டினாள், குலசாமியை நினைத்துக்கொண்டு கரண்ட் கொடுத்தாள். டிஸ்க் சுற்றியது.

படம் வந்தது. துணி மலைக்கு நடுவில் ஏழு பெண்கள், எதிரே தகரக் கதவு. கதவு திறக்கிறது, நாச்சிமுத்து கையில் பூட்டோடு நிற்கிறான், உதட்டில் விரலை வைக்கிறான், கதவைச் சாத்துகிறான், சாத்திய கதவு வெளியிலிருந்து இழுத்துப் பூட்டுகிற வேகத்தில் அதிர்கிறது. அன்றைக்குச் செக்கிங் வந்த ஆபீசருக்கு அவன் ஆபீஸ் ரூமில் இளநீர் சீவிக் கொடுத்தது ஊருக்கே தெரியும். வருகைப் பதிவில் இல்லாத ஏழு பெண்களை அந்த நேரம் அவர் கண்ணில் படாமல் எப்படி மறைத்தான் என்பதுதான் தெரியாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மூலையில் புகை வந்தது, மரகதம் எழுந்து ஓடிக் கதவைத் தட்டினாள், மற்றவர்களும் தட்டினார்கள், அதற்குமேல் பார்க்க வசந்தாமணியால் முடியவில்லை. திரையை அணைத்தாள். திரை அணைந்தது, ஏழு பேரும் கடைச் சுவரில் இருந்தார்கள்.

நிழலாகத்தான் இருந்தார்கள், ஆனால் யார் யார் என்று தெரிகிற நிழல். வலது கோடியில் கதவு, கதவில் அவன் தொந்தியும் வேட்டி மடிப்பும் கைப்பூட்டும். தட்டித் தட்டி ஓய்ந்த பெண்கள் மறுபடி வரிசையாக உட்கார்ந்து துணி பிரித்தார்கள், மறுபடி கதவு திறந்தது, மறுபடி அவன் விரல் உதட்டுக்குப் போனது. டீ கொண்டுவந்த சின்ராசு சுவரைப் பார்த்தான், டம்ளரை வைத்தான்.

"என்னக்கா, மரகதம் வந்திருக்குதாட்ட இருக்குது?"

"ஆமாண்டா."

"அப்ப இன்னும் ஏழு டீ போடோணும். மரகதத்துக்குச் சக்கரை கம்மி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு நிறைந்துவிட்டது. மகளைப் பறிகொடுத்த பழனாத்தாள் சுவரைப் பார்த்து, "கூன் போட்டு உக்காராதேன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்," என்று திட்டி, திட்டினபடியே அழுது, சோறு போட்ட தூக்குப் போசியைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனாள், மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து அம்மா நிழலின் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின. ஒருத்தியின் புருசன், உயிரோடு இருந்தபோது ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்தறியாதவன், விளக்குக்கு முன்னால் மல்லிகைச் சரத்தைக் கட்டித் தொங்கவிட்டான், சரத்தின் நிழல் அவள் கொண்டையில் போய் உட்கார்ந்தது, அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் கட்ட, கடை பூக்கடையாகிவிட்டது. பட்டன் கடைக்காரர் வெளிச்சத்தை மறைக்கிறதென்று தன் கடைப் பெயர்ப் பலகையையே கழற்றிக்கொண்டார். ஆள் சுவரில் உட்கார்ந்திருக்கும்போது திதி எப்படிக் கொடுப்பது என்று ஐயர் கையை விரித்துவிட்டார். பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, கடையில் ஏழு பேர் கூடுதலாகக் குடியிருப்பதால் வரி உண்டா இல்லையா என்று மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டரும் வந்தார், ரெண்டு சுற்றுப் பார்த்தார், டீ குடித்தார். "நெழலு மேல எஃப்.ஐ.ஆர். போட எனக்கு அதிகாரம் இல்லம்மா. காப்பி எடுத்துக் குடு, பார்க்கலாம்," என்றார்.

காப்பி எடுக்காமல் இருப்பாளா? பென் டிரைவிலும் எடுத்தாள், புது டிஸ்கிலும் எடுத்தாள், எதில் எடுத்தாலும் துணி மலையும் சாத்திய கதவும் மட்டும்தான் வந்தன, ஒரு ஆள்கூட வரவில்லை. ஒரு தடவை கரண்ட் போய் டிஸ்க் வேகம் குறைந்தபோது ஏழு பேரும் சலவையில் சாயம் போகிற துணிபோல வெளுத்தார்கள், பேட்டரி வந்து பிடித்ததும்தான் திரும்பக் கறுத்தார்கள். அப்போதுதான் வசந்தாமணிக்கு விளங்கியது, அந்த டிஸ்க் ஓடுகிற வரைக்கும்தான் அவர்கள். போர்டைத் திருப்பி எடுத்தால் போய்விடுவார்கள். தங்கச்சியின் நிழல் சுவரில், தங்கச்சியின் குரல் மேஜை டிராயரில், ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு போர்டு. கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதே வேளையில் நாச்சிமுத்துவின் கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. சுவரில் அவன் நிழல் விழுந்த நிமிசமே அவனிடமிருந்து அது கழன்றுவிட்டது. வெயிலில் நடந்தால் மண்ணில் ஒன்றும் விழாது. முதலில் பார்த்தவை நாய்கள்தான், அவன் வந்தால் குரைக்காமல் வாலை இடுக்கிக்கொண்டு ஓடின. அப்புறம் பிள்ளைகள் பார்த்தார்கள், பின்னாலேயே போய் நிழல் விழவேண்டிய இடத்தில் குதித்துக் குதித்துச் சிரித்தார்கள். பெரிய கறுப்புக் குடை ஒன்றை வாங்கிப் பிடித்தான், குடையின் நிழல் மட்டும் ஆளில்லாமல் ரோட்டில் மிதந்து போனது, அது இன்னும் கேவலமாகிவிட்டது. கோயில் கமிட்டியில், கோபுர நிழலில் மட்டும் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி, அப்புறம் வரவே வேண்டாம் என்றும் மரியாதையாகவே சொன்னார்கள். எதையும் தாங்கியிருப்பான், ஆனால் தை மாதம் மகளுக்குக் கல்யாணம், நிழல் விழாத கையால் தாரை வார்த்தால் பெண்ணை எடுக்க மாட்டோம் என்று சம்பந்தி வீடு சொல்லிவிட்டது.

அவன் சும்மா இருக்கிற ஆளா? லைன்மேனைப் பிடித்துத் தெருவுக்குக் கரண்டை நிறுத்தப் பார்த்தான், ஆட்டோ ஸ்டாண்டே தங்கள் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து கடையில் அடுக்கியது. டிஸ்க் என் சொத்து என்று வக்கீலை அனுப்பினான். "குப்பையில போட்டதை எந்தக் கையால திருப்பிக் கேக்கறாரு?" என்று வசந்தாமணி கேட்டதும் வக்கீல் வந்த வழியே போய்விட்டார். கடைசியில் அவனுக்குக் கேமரா மாட்டிய ஆள் காதில் ஓதினான், அந்த மாடல் போர்டு எங்கேயும் இல்லாமல் பண்ணிவிட்டால் இருக்கிறது ஒரு நாள் தானாகச் சாகும் என்று. நாச்சிமுத்து கோயமுத்தூரில் ஆரம்பித்து ஈரோடு, சேலம், சென்னை என்று கடைகடையாக ஏறி, மயில் லேபிள் டிஸ்க் எங்கெங்கே இருந்ததோ அத்தனையையும் கேட்ட விலைக்கு வாங்கி, வேஸ்ட் துணியைப் பேல் கட்ட அமுக்குகிற பிரஸ்ஸில் போட்டு, தகடு தகடாக நசுக்கித் தள்ளினான்.

கார்த்திகையில் மப்பும் மந்தாரமுமான ஒரு மத்தியானம் அவனே கடைக்கு வந்தான். தெரு வழிவிட்டது. குடையை மடக்கிச் சாத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைப் போர்டை எடுத்து மேஜையில் வைத்தான்.

"அம்மிணி, அத்தனையும் நசுக்கியாச்சு. இந்த நாட்டுல இது ஒண்ணுதான் பாக்கி. உன்ற தங்கச்சி டிஸ்க்குல மாட்டிக்க, ஆசைதீரச் சத்தத்தைக் கேட்டுக்க. அந்த ஓடற டிஸ்க்கை நிறுத்திப்போடு, என்ற நெழலு என்னட்ட வந்துரும்."

வசந்தாமணி போர்டைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, புள்ளிகளெல்லாம் பளபளவென்று இருந்தன. மூன்று மாதமாகக் கேட்காத குரல் அது. அவள் கை தானாக நீண்டது, அதை அவள் ஒளிக்கவில்லை, தெருவே பார்த்தது. அப்போதுதான் சுவரில் மரகதம் எழுந்து ஓடிக் கதவைத் தட்ட ஆரம்பித்தாள்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வசந்தாமணி கேட்டாள். "ஏனுங்க மொதலாளி, கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்துச்சு? இந்தத் தெருவுல நின்னு அதை மட்டும் சொல்லுங்க. உங்க போர்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நெழலை நானே கையில குடுத்தனுப்பறேன்."

நாச்சிமுத்து சுவரைப் பார்க்காமல் வசந்தாமணியைப் பார்த்தான்.

"உள்தாழ்ப்பாள்," என்றான். "அன்னிக்குஞ் சொன்னேன், இன்னிக்குஞ் சொல்றேன். உள்தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் தூங்குனாளுக." சொல்லிவிட்டு மேஜையிலிருந்த போர்டைக் கீழே தள்ளிச் செருப்புக் காலால் மிதித்தான். அது ரெண்டாக உடைந்தது, பெரிய சில்லு தெறித்து டீக்கடைப் பக்கம் ஓடியது. "எனக்கு இல்லீன்னா உனக்கும் இல்ல."

பழனாத்தாள் மண்ணை வாரித் தூற்றினாள். வசந்தாமணிக்கு மட்டும் அந்த நிமிசம் நெஞ்சு குளிர்ந்துபோனது, அத்தனை நாள் கொதித்தது அடங்கி, கை வேலைக்கு உட்காரும்போது வருமே ஒரு நிதானம், அது வந்தது.

"மொதலாளி, உங்க நெழலை நான் புடிச்சு வெக்கலீங்க," என்றாள் தன்மையாக. "அது உங்களுக்காகத்தான் அங்க நின்னுக்கிட்டிருக்குது. டிஸ்க்கை நிறுத்துனா அவளுகளோட அதும் போயிரும், அப்பறம் ஜென்மத்துக்கும் கெடைக்காது. கதவைத் தொறக்கறப்ப நீங்களே போயி அது காலு மேல உங்க காலை வெச்சு நில்லுங்க. போர்டு மாட்டறப்ப நாங்க அப்படித்தான் பண்ணுவோம், புள்ளிக்குப் புள்ளி சரியா உக்காந்தாப் போதும், தானா ஒட்டிக்கும்."

அவள் பொய் சொல்லவில்லை. பிரிந்ததை ஒட்டவைத்தே காலம் தள்ளிய கைக்கு எது எதோடு ஒட்டும் என்று தெரியும். ஒட்டினபின் என்ன ஆகும் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவனுக்குக் கண் முன்னால் மகள் கல்யாணப் பந்தல்தான் இருந்தது.

சுவரில் பெண்கள் தட்டி ஓய்ந்து, உட்கார்ந்து, துணி பிரிக்க ஆரம்பித்தார்கள். நாச்சிமுத்து செருப்பைக் கழற்றினான். கதவு திறந்தது, நிழல் பூட்டோடு நின்றது, அவன் சுவரில் முதுகை ஒட்டி, குதிகாலைக் குதிகால் மேல் வைத்து நின்றான். காலிலிருந்து கறுப்பு ஏறியது, முழங்கால், இடுப்பு, தொந்தி, தோள். "வந்துருச்சு! டேய், வந்துருச்சுடா!" என்று கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான், சிரித்தபோது அவன் பாதி சுவரில் இருந்தான், சிரித்து முடித்தபோது முழுசும் சுவரில் இருந்தான். கடையில் மிச்சமிருந்தது ஒரு ஜோடி செருப்பும் ஒரு குடையும்தான்.

அவன் திறந்த கதவு திறந்தபடியே இருந்தது. மரகதம் மடியில் ஒட்டியிருந்த நூலை உதறிவிட்டு எழுந்தாள். அவனைத் தாண்டி அவள் வெளியே வந்தாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அவனும் வெளியே வரப் பார்த்தான். ஆறு பேர் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்ததில் துணி மலையில் போய் விழுந்தான். எல்லோரும் வந்தபின் மரகதம் திரும்பினாள், கதவைச் சாத்தினாள், அவன் கையிலிருந்து விழுந்த பூட்டை எடுத்தாள், உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள், பூட்டினாள். அப்படிப் பூட்டினாள், சுவரே அதிர்ந்தது.

மப்பு விலகி வெயில் அடித்தது. ஆறு நிழலும் கடைப் படியிறங்கி, தார் ரோட்டில் நீளமாக விழுந்து நடந்தன, பல்லடம் பஸ் நின்று வழிவிட்டது, டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. பழனாத்தாள் தூக்குப் போசியைத் தூக்கிக்கொண்டு மகளுக்குப் பின்னாலேயே போனாள். அவரவர் வீட்டு வாசலில் அவரவர் நிழல் கொஞ்ச நேரம் நின்று, படியில் ஏறி, விளக்கு வைக்கிற இடத்தில் அடங்கியது. அடுத்த நாளே ஐயரைக் கூப்பிட்டுத் திதி கொடுத்தார்கள். மரகதம் மட்டும் தெருவுக்குப் போகாமல் மேஜையைச் சுற்றி வந்தாள். அக்காவின் கை மேல் அவள் கை நிழல் விழுந்தது. அந்தக் கையோடுதான் வசந்தாமணி சுவிட்சை அணைத்தாள்.

அணைப்பதற்குச் சற்று முன்னால் நாச்சிமுத்துவின் சம்சாரம் தனலட்சுமி தலைவிரி கோலமாக ஓடி வந்து டிஸ்கில் காதை வைத்துக் கேட்டதை எல்லோரும் பார்த்தார்கள். அணைத்தபின் சுவர் வெறும் சுண்ணாம்புச் சுவராக இருந்தது. வசந்தாமணி தன் போர்டைக் கழற்றினாள், தீப்பெட்டியிலிருந்த சில்லைத் திருப்பிப் பற்றவைத்தாள், தன் டிஸ்கில் மாட்டினாள், முதல் வேலையாக ரெண்டு காப்பி எடுத்தாள். "ஏக்கா, மொதல்ல அந்தப் போனைக் கீழ வை," என்று மரகதம் கடை முழுக்கச் சிரித்தாள், வசந்தாமணி அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தார். ஆள் எங்கே, என்ன ஆச்சு என்று டீக்கடையில் கேட்டார், பட்டன் கடையில் கேட்டார், ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டார், பழனாத்தாளைக் கேட்டார். தெரு முழுக்க ஒரே பதில்தான் சொன்னது. "அவராத்தான் உள்ள போனாருங்க. உள்தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. தூங்கறாரோ என்னமோ." இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து உள்தாழ்ப்பாள் என்று எழுதிக்கொண்டார்.

மறு வாரம் தனலட்சுமி கடைக்கு வந்தாள். வசந்தாமணி அந்த டிஸ்கையும், அதற்குரிய எட்டுக் கால் சில்லையும் ஒரு கவரில் போட்டு, தொழில் முறைப்படி, ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் மேஜையில் வைத்தாள்.

"கடைசியா என்ன சத்தமுங்க கேட்டுச்சு?"

தனலட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "தட்டற சத்தமுங்க," என்றாள்.

"அப்ப உள்ளார ஆளு நல்லாத்தான் இருக்காரு. இந்த மாடல்ல நல்ல போர்டு ஒண்ணு கொண்டாங்க, நீங்க இங்க உக்காந்திருக்கறப்பவே தொறந்து விட்டர்றேன்," என்றாள் வசந்தாமணி.

தனலட்சுமி இன்றைக்கும் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர், ஈரோடு, சேலம், சென்னை என்று பழைய இரும்புக் கடைகளை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். எல்லாக் கடையிலும் லேபிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

"மயில் லேபிள் போர்டாம்மா? உங்க வீட்டுக்காரர்தான் வந்து மொத்தமா வாங்கிட்டுப் போனாரே."